போர்களும் ஒடுக்கப்பட்டோர் உரிமைகளும்



எங்கோ போர் நடந்தால் நமக்கென்ன, பெட்ரோல் விலை ஏறும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

மகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷாரின் பம்பாய்ப் படையில் நிறைய மகர்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். படை வேலை என்றால் சம்பளம் மட்டுமல்ல. பிள்ளைகளுக்குப் படிப்பு, ஓய்வூதியம், ஊரின் அடிமை வேலைகளிலிருந்து விடுதலை. 1890-களில் ‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’ என்றொரு கொள்கையைச் சொல்லி அந்தக் கதவை மூடினார்கள். கோபால் பாபா வலங்கர் மனு எழுதிப் பார்த்தார், பயனில்லை. முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டது. 1917-இல் 111-ஆவது மகர் படைப்பிரிவைத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் 1921-இல் கலைத்துவிட்டார்கள். அதே மகர்களுக்கு மறுபடியும் ‘போர்க்குணம்’ வந்தது 1941-இல்தான், அடுத்த உலகப் போரில்!

ஆனால் இந்த முறை ஒரு வேறுபாடு. 1942-இல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் வகுப்பினருக்கு 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு ஆணையாகவே வந்தது. தேவைக்குக் கூப்பிட்டவனிடம் எழுதி வாங்கிக்கொண்டார். போர் முடிந்தும் அது போகவில்லை.

தமிழ்நாட்டில், 1938-இல் தொடங்கிய கட்டாய இந்தி எதிர்ப்புப் போரில் நடராசனும் தாளமுத்துவும் கைதிகளாகவே இறந்தார்கள். ராஜாஜி இறங்கி வரவில்லை. 1939 செப்டம்பரில் யாரையும் கேட்காமல் வைசிராய் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார் என்று காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. 1940 பிப்ரவரியில், ஆளுநர் ஆட்சியில், கட்டாய இந்தி விலக்கப்பட்டது. போராட்டம் இல்லாமல் அது நடந்திருக்காது. ஐரோப்பியப் போர் இல்லாமல் அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உரிமைகள் இப்படி வந்தும் போயும் இருக்க, அடக்குமுறைச் சட்டங்கள் மட்டும் போவதில்லை. 1915-இல் போருக்கென்று வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் வைத்துக்கொள்ளத்தான் 1919-இல் ரௌலட் சட்டம் போட்டார்கள். வெள்ளைக்காரன் போன பிறகாவது மாறியதா? 1962 சீனப் போர் ஒரு மாதத்தில் முடிந்தது. அதற்காகப் போட்ட பாதுகாப்புச் சட்டத்தில், 1965 மொழிப் போரின்போது கலைஞரைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் வைத்தார்கள். பாளையங்கோட்டைக்கும் சீன எல்லைக்கும் என்ன தொடர்பு? அந்த நெருக்கடி நிலையை விலக்கிக்கொண்டது 1968 ஜனவரியில்.