முதுமையில் அயல்நாட்டு வாழ்வும் மருத்துவச் செலவும்



வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஜொகூரில் ஒரு வீடு வாங்கிக் குடியேறலாம் என்றோ, செலவு குறைவாக இருக்கும், தமிழகத்திற்கே போய்விடலாம் என்றோ சிங்கப்பூரில் வாழும் நம் பெரியவர்கள் சிலர் எண்ணுகின்றனர். வீட்டு வாடகை, அரிசி விலை, வேலையாள் சம்பளம் எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்க்கிறோம். மருத்துவச் செலவை அந்தக் கணக்கில் சேர்க்கிறோமா?

2015 நவம்பர் முதல் தேதி சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்த மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் ஆயுள் முழுவதும் பாதுகாப்பளிக்கிறது. ஏற்கெனவே நீரிழிவோ இருதய நோயோ உடையவர்களையும் அது ஒதுக்குவதில்லை. ஆனால், அது சிங்கப்பூரில் பெறும் சிகிச்சைக்கே உரியது. மதுரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அங்குள்ள மருத்துவமனைக் கட்டணத்திற்கு அது உதவாது. மெடிசேவ் சேமிப்பும் வெளிநாட்டில் அனுமதி பெற்ற மிகச் சில மருத்துவமனைகளில், நிபந்தனைகளுக்கு உட்பட்டே பயன்படும்.

சரி, குடியேறிய நாட்டில் சலுகை கிடைக்குமா? மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் வெளிநோயாளியாகச் செல்லும் மலேசியர் செலுத்தும் 1 ரிங்கிட் கட்டணம் அயல்நாட்டவருக்குப் பொருந்தாது. இந்தியாவிலோ, 2024 ஏப்ரல் முதல் 65 வயதைக் கடந்தவர்களும் புதிதாக மருத்துவக் காப்புறுதி எடுக்க விதி இடந்தருகிறது. ஆயினும், முன்பே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். 70 வயதில் 3 ஆண்டுகள் என்பது சிறிய காலமா?

ஆகவே, புறப்படுமுன் நாம் செய்யவேண்டியவை சில உண்டு. மெடிஷீல்டு லைஃபோடு இணைத்து எடுத்த தனியார் காப்புறுதியை, "இனி எதற்கு?" என்று அவசரப்பட்டு நிறுத்திவிடக்கூடாது. பின்னர் நோயோடு திரும்பி வந்து கேட்டால் அது மீண்டும் கிடைப்பது அரிது. குடியேறும் நாட்டில் புதிய காப்புறுதி எடுக்கும்போது, உள்ள நோயை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் கோரிக்கை தள்ளுபடியாகலாம். மருத்துவமனை கேட்கும் முன்பணத்திற்காக ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைப்பதும், அதை எடுக்கும் வழியைக் குடும்பத்தில் ஒருவருக்குச் சொல்லி வைப்பதும் அவசியம்.

"நோய் வந்தால் விமானம் ஏறி வந்துவிடுவோம்" என்று சிலர் சொல்வதுண்டு. பக்கவாதம் வந்து படுத்தவரை விமானத்தில் ஏற்றுவது எளிதல்ல. அதற்கும் பெருந்தொகை வேண்டும். எந்த ஊரில் வாழலாம் என்று கேட்கும்போதே, அங்கே நோயுற்றால் யார் பார்ப்பார், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கேட்டுத் தெளிவோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பேச, நாம் நலமாக இருக்கும் காலமே ஏற்ற காலம்.