நகம் வெட்டியவளின் பேஞ்சோ

லண்டனில் நள்ளிரவு நெருங்குகிறது, சென்னையில் இன்னும் விடியவில்லை. எனக்கு இங்கே ஹென்டர்சனில் மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. விழித்திருந்து கேட்பவர்களுக்கு நன்றி.

போன முறை பேசும்போது பேஞ்சோ வாங்கப் போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கதையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பேஞ்சோ என்றுதான் கேட்டீர்கள். சரி, இன்றைக்கு அதையே பேசிவிடலாம்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். நான் வளர்ந்த நாகர்கோவில் பக்கத்தில் கன்வென்ஷன் பந்தலில் ஒரு மாமா டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் வைத்த பெட்டியை வாசிப்பார். அதைத்தான் பேஞ்சோ என்போம். அது புல்புல்தாரா. 1912இல் ஜப்பானின் நாகோயாவில் மொரிட்டா கோரோ என்பவர் செய்த தைஷோகோட்டோவின் வாரிசு. நான் சொல்வது வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையில் தோல் கட்டித் தந்தி பூட்டி வாசித்தார்கள். செனகல், காம்பியா பக்கத்து அகோன்டிங் அந்தக் குடும்பம். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் அமெரிக்க மண்ணில் அந்த நினைவிலிருந்து உண்டாக்கிய வாத்தியம் இது. ஒரு கஞ்சிராவுக்கு நீண்ட கழுத்தும் ஐந்து தந்தியும் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை, கழுத்தின் பாதியில் தொடங்கும். கட்டைவிரலுக்கென்றே உள்ளது.

இதில் இரண்டு வகை. முதல் வகையில் தோலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, திறந்த முதுகு. சத்தத்தில் பாதி வாசிப்பவரின் வயிற்றிலேயே அமுங்கிவிடும். இன்னொன்றில் பின்பக்கம் மரத்தட்டு ஒன்றைத் திருகி மூடியிருக்கும். ரெசொனேட்டர் என்பார்கள். பின்னால் போகும் சத்தத்தை அது முன்னால் திருப்பி அனுப்பும். பிடிலும் மாண்டலினும் கித்தாரும் சேர்ந்து வாசிக்கும் புளூகிராஸ் கூட்டத்தில் இந்தத் தட்டு இல்லாவிட்டால் எடுபடாது. 1945இல் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்கிரக்ஸ் மூன்று விரலில் பொழிந்த வாசிப்பு அது. நியூசிலாந்துக்கும் அது 1960களிலேயே வந்துவிட்டது. ஹாமில்டன் கவுன்டி புளூகிராஸ் பேண்டில் பால் டிரென்வித் பேஞ்சோ வாசித்தார். இங்கே பக்கத்தில் குமியூவில் ஜனவரிக் கடைசியில் ஆக்லாந்து நாட்டுப்பாடல் விழா நடக்கும். இரண்டு வகையையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.

திறந்த முதுகில் பெரும்பாலும் வாசிப்பது கிளாஹாமர். விரல்களை மடக்கிக்கொண்டு நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். தனியாகப் பாடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நர்சுக்கு ஏது நகம்? இருபது வருடமாக ஒட்ட வெட்டிய விரல்கள். நகத்தடியில் கிருமி தங்கும் என்று டிப்ளமா முதல் வருடத்திலேயே தலையில் குட்டிச் சொல்லித்தந்தது. புளூகிராஸ் முறைக்கு நகம் வேண்டாம். சிதார்காரர்களின் மிஸ்ராப் மாதிரி உலோக நகத்தை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே ரெசொனேட்டர்தான் என்று முடிவுகட்டி, தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். ஐந்து கிலோ. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி ஏற்கெனவே போன இடுப்பு எனக்கு. இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

முதல் வரிசையில் இருந்த ஒரு அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அழவும் தொடங்கினார். காதுக்கருவி கூர்மையான ஒலியை இன்னும் கூர்மையாக்கும். மறதி நோய் உள்ளவருக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றும் புரியாது. இதெல்லாம் தினமும் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். கையில் வாத்தியம் வந்ததும் எனக்கே மறந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுவாரம் இரவல் கொடுத்தவரைக் கேட்டுவிட்டு, பின்தட்டின் திருகுகளைக் கழற்றினேன். தோலுக்கும் உள்ளே ஓடும் கம்பிக்கும் நடுவில் ஒரு பழைய சாக்ஸைச் செருகினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. எடை அவ்வளவாகக் குறையவில்லை. உள்ளிருக்கும் உலோக வளையம் அப்படியே இருக்கிறதே. இரண்டு முறையும் பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் தட்டு கழற்றக்கூடிய ஒன்றை வாங்குங்கள் என்பேன். திறந்த முதுகை வாங்கிவிட்டுப் பின்னால் தட்டு பூட்டலாம் என்று நினைக்காதீர்கள், லேசில் பொருந்தாது. எழுதுகிறவர்களின் குரலுக்கும் இதில் ஏதோ இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. விடுங்கள்.

கடைசியில் நான் வாங்கியது திறந்த முதுகு. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். நகத்துக்குப் பதிலாக விரல் பிக்கைத் திருப்பி நகத்தின்மேல் மாட்டிக்கொள்கிறேன். குறைநகத்திலேயே வாசிக்கிறவர்களும் உண்டு, எனக்கு இன்னும் அது வரவில்லை. பியூஷன் பாடல்களுக்கும் சினிமாப் பாட்டுக்கும் எது நல்லது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மைக் வைத்து வாசிப்பதானால் எதுவும் சரி, தம்பி.

அந்த அம்மா ஞாயிறுதோறும் வருகிறார். முதல் பாட்டுக்குக் கால் ஆடும். மூன்றாவதில் தூங்கிவிடுவார். கேள்வி இருந்தால் சீக்கிரம் கேளுங்கள், மூன்று மணிக்கு எனக்கு டியூட்டி.