அறிவுடைய இரக்கம்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்றோரும் அனுபவம் நிறைந்தோரும் வீற்றிருக்கும் இவ்வவையிலே, இன்னும் பல்கலைக்கழக மாணவராயிருக்கும் நாம் பேச முற்படுவது துணிகரமான செயலே. ஆயினும், இளையோர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, குறை கண்டவிடத்துத் திருத்துவது பெரியோர் இயல்பு என்னும் நம்பிக்கை எமக்குத் துணை நிற்கின்றது.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், நம்மிற் பலர் நேரிலே கண்டிராத ஒரு சிறு பிராணியைப் பற்றியது. சுகர் கிளைடர் என்பது அதன் பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இப்பிராணியைக் கூட்டில் அடைத்து, குட்டிகளைப் பெருக்கி விற்போருட் சிலர் செய்யும் கொடுமையையும், அதிலிருந்து அதனை மீட்டு நல்லதோர் இல்லத்திற் சேர்ப்போர் படும் பாட்டையும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கடல் கடந்த நாட்டுப் பிராணியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஒருவருடைய சட்டைப்பையிலிருந்து பெரிய கண்களோடு எட்டிப் பார்க்கும் சுகர் கிளைடரின் படம் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கும் வந்து சேருகின்றது. "எவ்வளவு அழகு! எனக்கும் ஒன்று வேண்டும்" என்னும் ஆசையும் அப்படத்தோடு கூடவே வருகின்றது. அந்த ஆசையே நாம் சொல்லப்போகும் துன்பத்தின் வேர். அன்றியும், அறிவோடு சேராத இரக்கம் கொடியவனுக்கே துணையாகிவிடும் என்னும் உண்மையை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை.

முதலிலே இப்பிராணியை அறிந்துகொள்வோம். அதன் உடல் ஒரு சாண் நீளத்துள் அடங்கும். வாலும் ஏறக்குறைய அதேயளவு நீளம். வளர்ந்த ஒன்றின் நிறை 100 முதல் 150 கிராம் வரையாகும். முன்காலிலிருந்து பின்கால் வரை இரு பக்கமும் மெல்லிய தோல் உண்டு. மரத்திலிருந்து பாயும்போது அத்தோலை விரித்து, 50 மீற்றர் தூரம் வரை காற்றிலே சறுக்கிச் சென்று அடுத்த மரத்தைப் பற்றிக்கொள்ளும். நம் நாட்டுக் காடுகளில் வாழும் பறக்கும் அணிலும் இவ்வாறே செய்வதால் இரண்டும் ஓரினம் என்று மயங்கலாம். பறக்கும் அணில் கொறிக்கும் பிராணி. சுகர் கிளைடரோ கங்காருவைப் போல வயிற்றிலே பையுடைய பிராணி. தாய் கருவுற்றுப் பதினாறு நாள் அளவில் அரிசிமணி போன்ற குட்டியை ஈனும். அக்குட்டி தானே ஊர்ந்து தாயின் பையை அடைந்து, அங்கே ஏறக்குறைய 70 நாட்கள் பாலுண்டு வளரும்.

அவுஸ்திரேலியாவும் நியூகினித் தீவும் இதன் தாயகம். அக்கேசியா மரத்துப் பிசினும், யூக்கலிப்டசு மரத்தின் இனிய சாறும், பூந்தேனும், பூச்சி புழுக்களும் இதன் உணவு. பகலெல்லாம் மரப்பொந்திலே உறங்கி இரவிலே உலாவும். நாம் முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டியது யாதெனில், இது தனித்து வாழும் பிராணியன்று. வளர்ந்தவை ஏழு வரையிலும், அவற்றோடு குட்டிகளும் ஒரே பொந்திலே ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு உறங்கும். ஆண் தன் நெற்றியிலும் மார்பிலுமுள்ள சுரப்பிகளின் வாசனையைக் கூட்டத்தார் மீது பூசி வைக்கும். அவ்வாசனையே அவற்றுக்குக் குடும்பப் பெயர்.

இத்தகைய காட்டுயிர் அமெரிக்க வீடுகளுக்கு எங்ஙனம் வந்தது? செல்லப் பிராணியாக விற்பதற்குத் தன் நாட்டு விலங்குகளை உயிரோடு ஏற்றுமதி செய்ய அவுஸ்திரேலியா இடங்கொடுப்பதில்லை. அமெரிக்காவில் வளர்க்கப்படும் சுகர் கிளைடர்களின் மரபணுக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவற்றின் மூதாதையர் இந்தோனேசியாவின் ஆட்சியிலுள்ள மேற்குப் பப்புவாவில், சொறொங் என்னும் நகரை அண்டிய பகுதியிலிருந்து வந்தவையென 2019ஆம் ஆண்டிலே அறிவித்தனர். அங்கிருந்து வந்தவற்றின் வழித்தோன்றல்களே இன்று கூடுகளிற் பெருகி விலைப்படுகின்றன.

வளர்த்து விற்போர் எல்லோரையும் நாம் குறைகூறவில்லை. உணவறிந்து ஊட்டி, வம்சாவளியைக் குறித்து வைத்து, வாங்குவோரை விசாரித்துக் கொடுப்போரும் உளர். ஆனால் வருவாய் ஒன்றையே நாடுவோன் கையிலே என்ன நடக்கின்றது? இரண்டு சோடிகளோடு தொடங்குவான். குட்டிகள் விலைபோனதும் கூடுகள் பத்தாகும், இருபதாகும். கூடுகள் பெருகிய அளவுக்குக் கைகள் பெருகுவதில்லை. துப்புரவு முதலிலே தவறும். பிறகு உணவு தவறும். பிசினும் தேனும் பூச்சியும் உண்ணவேண்டிய பிராணிக்குச் சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும் பழத்துண்டும் போடப்படும். இவற்றிலே பொஸ்பரசு மிகுதியாகவோ கல்சியம் குறைவாகவோ இருப்பதால், உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுத்துச் செலவிடும். எலும்பு மெலியும்; பின்கால்கள் இழுபடும்; ஈற்றில் முடமாகும். காற்றிலே மிதக்கப் பிறந்த உயிர் கூட்டின் அடித்தட்டிலே தவழ்ந்து திரியும்.

இதனினும் கொடியது தனிமை. துணையின்றி அடைக்கப்பட்ட சுகர் கிளைடர் தன் உரோமத்தைத் தானே பிடுங்கும். வாலையும் காலையும் கடித்துப் புண்ணாக்கும். பசியும் அச்சமும் நெருக்கடியும் மிகுந்த கூட்டிலே, தாய் தந்தையர் தம் குட்டிகளையே கொன்றுவிடுவதும் உண்டு. வம்சாவளி தெரியாமையால் உடன்பிறந்தவை தம்முள்ளே இணைந்து நலிந்த குட்டிகள் பிறக்கும். எனினும் இவற்றுள் எதுவும் விற்பனைப் படத்திலே தெரிவதில்லை. பெரிய கண்கள் மட்டுமே தெரிகின்றன.

அமெரிக்காவிலே சட்டம் இல்லையா? உண்டு. 1966ஆம் ஆண்டிலே நிறைவேறிய விலங்கு நலச் சட்டத்தின்படி, நான்குக்கு மேற்பட்ட பெண் பிராணிகளை வைத்துக் குட்டிகளைப் பெருக்கி விற்போர் விவசாயத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். பரிசோதகர் வந்து பார்ப்பர். கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் இதனைச் செல்லப் பிராணியாக வைத்திருப்பதற்கே தடையுண்டு. ஆனாலும் அனுமதிப்பத்திரம் பெறாது வீட்டின் பின்னறையிலே வியாபாரம் செய்வோனை அயலார் சொன்னாலன்றிப் பரிசோதகர் எங்ஙனம் அறிவார்?

பெரிய வியாபாரத்திலும் இதே நிலை நேர்ந்ததுண்டு. 2009ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டன் நகரில், அந்நிய நாட்டுப் பிராணிகளை மொத்தமாக விற்கும் நிலையமொன்றில் அதிகாரிகள் புகுந்தனர். அங்கே 171 வகையைச் சேர்ந்த 26,000க்கு மேற்பட்ட உயிர்கள் இருந்தன. அவற்றிலே நூற்றுக்கு எண்பது நோயுற்றோ காயமுற்றோ இறந்தோ கிடந்தன. ஆறு வார காலத்திலே அந்நிலையத்தில் நூற்றுக்கு எழுபத்திரண்டு உயிர்கள் மடிந்துகொண்டிருந்தன என்பது பின்னர் கணக்கிடப்பட்டது. நீதிமன்றம் எஞ்சிய பிராணிகளை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்க மறுத்தது. அவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தொலைவிலுள்ள டெட்ராய்ட் நகரத்து மிருகக்காட்சிச்சாலை ஏற்றுக்கொண்டது. கதவை உடைத்துத் திறப்பது ஒரு நாள் வேலை. திறந்தபின் அத்தனை உயிர்க்கும் உணவும் மருந்தும் இடமும் தேடுவது பல மாத வேலை. மீட்பு என்னும் சொல்லின் முழுப்பொருள் இந்த இரண்டாவது வேலையிலேதான் அடங்கியிருக்கின்றது.

இனி, எமது உரையின் நடுப்பொருளுக்கு வருகின்றோம். அழுக்கடைந்த கூட்டிலே மெலிந்து கிடக்கும் ஒரு சுகர் கிளைடரை இரக்கமுள்ள ஒருவர் காண்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனம் உருகுகின்றது. கேட்ட விலையைக் கொடுத்து அதனை வாங்கி வருகின்றார். "ஓர் உயிரை மீட்டேன்" என்று மகிழ்கின்றார். ஆனால் அங்கே நடந்தது என்ன? விற்றவனுக்கு அது வியாபாரம். நோயுற்ற பிராணியும் விலைபோகும் என்று அவன் கற்றுக்கொண்டான். வெறுமையான கூட்டிலே அன்று மாலையே வேறொன்று அடைக்கப்படும். ஒன்றை மீட்கக் கொடுத்த பணம் மற்றொன்றைச் சிறைப்படுத்தும் முதலாயிற்று.

"அப்படியாயின், கண்முன்னே சாகும் உயிரை விட்டுவிட்டு வரச் சொல்கின்றீரோ? இதுவும் கொடுமையன்றோ?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. இக்கேள்விக்கு நோகாத விடை இல்லை. விட்டுவந்தவர் அவ்விரவு உறங்கமாட்டார். ஆயினும் அந்நோவை அவர் பயனுள்ள செயலாக மாற்றலாம். கண்டதை நாள், நேரம், இடத்தோடு எழுதிக்கொள்ளலாம், படமெடுக்கலாம், பரிசோதகர்க்கும் பிராணிகள் நலச் சங்கத்தார்க்கும் அறிவிக்கலாம். நடத்த முடியாது தவிக்கும் சிலர், தண்டனைக்கு அஞ்சியோ களைத்தோ, எல்லாவற்றையும் ஒப்படைக்க இணங்குவதுண்டு. அப்போது பிராணிகளை மட்டுமன்றிக் கூடுகளையும் பெற்று, உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுத்திலே கையொப்பமும் வாங்கவேண்டும். ஒரு பிராணி வெளியே வருவது கொள்வனவு. தொழிலே நின்றுபோவது மீட்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவுடைய இரக்கம்.

மீட்டு வந்தபின் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். முதலாவதாக, வந்தவற்றை வீட்டிலுள்ள மற்றைய பிராணிகளோடு சேர்க்காது சில வாரங்கள் புறம்பாக வைத்தல் வேண்டும். மிருக வைத்தியர் மலத்தைச் சோதித்துப் புழுக்களும் கிருமிகளும் உண்டோ என அறிவார். ஒன்றோடொன்று பழகிய சோடியைப் பிரித்தலாகாது. இரண்டாவதாக, ஒவ்வொன்றையும் நாள்தோறும் நிறுத்து எழுதவேண்டும். நூறு கிராம் உயிருக்குப் பத்துக் கிராம் இழப்பு, ஐம்பது கிலோ மனிதர் ஐந்து கிலோ இழப்பதற்குச் சமம். உடல் குளிர்ந்து அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு இறந்ததென்று எண்ணிவிடவும் கூடாது. குளிரிலும் பசியிலும் சக்தியைச் சேமிக்க அது அவ்வாறு உறைந்து கிடப்பதுண்டு. மூன்றாவதாக, கல்சியம் நிறைந்த சரியான உணவுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கவேண்டும். நான்காவதாக, ஆண்களை நலமடித்தல் வேண்டும். இல்லையேல் மீட்ட இடமே புதிய குட்டிகள் பெருகும் இடமாகிவிடும். ஐந்தாவதாக, தனித்துக் கிடந்ததற்கு மெல்ல மெல்ல ஒரு துணை தேடிக் கொடுக்கவேண்டும். ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதன் கூட்டிலே வைத்து, வாசனையை முதலிலே அறிமுகஞ் செய்வர். நம்மவர் சம்பந்தம் பேசும் முறையைப் போல, அவசரப்பட்டால் காரியம் கெடும்.

அடுத்து, எந்த இல்லத்திலே சேர்ப்பது? "விருப்பம்" என்று சொன்னவுடனே தூக்கிக் கொடுப்பது, கிணற்றிலிருந்து எடுத்துக் குளத்திலே போடுவதாகும். சில வினாக்களைத் தயங்காது கேட்கவேண்டும். இரண்டாகவே ஏற்பீர்களா? ஏறிப் பாய உயரமான கூடு உண்டா? இரவெல்லாம் அது நாய்க்குட்டி போலக் குரைக்கும், பொறுப்பீர்களா? இப்பிராணியை அறிந்த வைத்தியர் அணித்தே உளரா? இது பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. உங்கள் பிள்ளை படித்து முடித்து வேற்றூர் சென்றபின் யார் பார்ப்பார்? முடியாத நாளிலே வேறு யாருக்கும் விற்காது எங்களிடமே திருப்பித் தருவீர்களா? இவற்றுக்கு முகஞ்சுளிப்பவர் வேண்டாதவர் என்று துணியலாம். வம்சாவளி அறியாத பிராணியைக் கொண்டு குட்டி பெருக்குவதில்லை என்றும் அவரிடம் எழுதி வாங்கவேண்டும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? காட்டிலே திறந்துவிட்டாற் சுதந்திரமாக வாழுமே" என்று சிலர் எண்ணலாம். கூட்டிலே பிறந்தது வேற்று நாட்டுக் காட்டிலே இரை தேட அறியாது, பெரும்பாலும் மடியும். மடியாது பெருகினாலோ பிற உயிர்க்குக் கேடு. அவுஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள தஸ்மேனியாத் தீவிலே சுகர் கிளைடர் இயற்கையாக இருந்ததன்று. 1835ஆம் ஆண்டளவிலே மனிதராற் கொண்டுபோகப்பட்டது. இன்று அது அங்கே மரப்பொந்துகளிற் புகுந்து, அழிவின் விளிம்பிலிருக்கும் சுவிப்ட் கிளி என்னும் பறவையின் முட்டைகளையும், அடைகாக்கும் பேடுகளையும் தின்று வருகின்றது. பிராணி குற்றமற்றது; இடம் மாற்றிய மனிதனே குற்றவாளி.

இளைஞர்களே! கூட்டைத் திறந்து உயிரை வெளியே விடுவது கதைகளிலே கடைசிக் காட்சி. வாழ்க்கையிலே அது முதற் காட்சி. அதன்பின் அழுக்குத் துணி துவைப்பதும், நிறை குறிப்பதும், நள்ளிரவிலே மருந்தூட்டுவதும், வேண்டாதவர்க்கு "இல்லை" என்று சொல்வதும் தொடர்ந்து நிகழவேண்டும். இவற்றைக் கைதட்டல் எதிர்பாராது செய்வோரையே ஜீவகாருண்யம் உடையோர் என்று நாம் மதிக்கவேண்டும்.

பெரியோர்களே! ஒரு பிள்ளை படத்தைக் காட்டி, "இது வேண்டும்" என்று கேட்கும்போது கோபியாதீர்கள். அதனருகே அமர்ந்து, "இது எங்கே பிறந்தது? என்ன உண்ணும்? யாரோடு உறங்கும்? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு யார் காப்பர்?" என்று கேளுங்கள். விடை தேடிச் செல்லும் பிள்ளை, வாங்கும் எண்ணத்தைத் தானே கைவிடும். வாங்குவோர் குறைந்தால் அடைப்போரும் குறைவர். மீட்கவேண்டிய உயிர்களும் குறையும்.