மலை வீட்டுக்கு ஒரு சத்தமில்லாத பெட்டி



காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலையில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. எல்லாப் பெயரும் ‘நாடு’ என்றே முடியும். அவற்றில் ஒன்று குண்டனி நாடு. மலை மடிப்புகளில் கைபேசி சிக்னல் ஒரு மேட்டில் நன்றாகக் கிடைக்கும், பக்கத்துப் பள்ளத்தில் இறங்கினால் போய்விடும். படம் பாதி ஓடும்போது வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் மீடியா சர்வருக்கு உண்மையான வேலை இருக்கிறது. படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் ஒரு சின்னக் கணினியில் சேர்த்துவைத்துவிட்டால், வீட்டு வைஃபை வழியாகத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்கலாம். இணையம் வந்தாலும் போனாலும் படம் நிற்காது. ஆனால் அந்தக் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே வாங்கும்போது வேகத்தைக் கேட்பதற்கு முன் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

சமவெளியில் இந்தச் சத்தம் பெரிதாகத் தெரியாது. சேலத்திலோ நாமக்கல்லிலோ வீட்டுக் கூரையில் மின்விசிறி சுற்றுகிறது, தெருவில் வண்டி போகிறது. கணினியின் குட்டி விசிறி போடும் கீச்சொலி அதில் அமுங்கிவிடும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மலை வீட்டிலோ ஆண்டின் பல மாதங்கள் கூரை விசிறிக்கு வேலையே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் அடங்கியபின் அந்தக் கீச்சொலி மட்டும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். உள்ளங்கை அகலமுள்ள விசிறி, பெரிய விசிறியைவிட வேகமாகச் சுற்றித்தான் அதே அளவு காற்றைத் தள்ள முடியும்; அதனால் அதன் ஒலியும் கூர்மையாக இருக்கும்.

விசிறியே இல்லாத பெட்டிகள் இதற்குத் தீர்வு. அவற்றின் அலுமினிய உடலே வெப்பத்தை வெளியே விடும். சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு எளிதாகச் சூடு இறங்கும் என்பதால், சித்திரை வெயிலில் மதுரையில் திணறுகிற பெட்டி கொல்லிமலையில் நிம்மதியாக ஓடும். காற்றுத் துளைகள் இல்லாத பெட்டியாக இருந்தால் எறும்பும் எளிதில் உள்ளே போகாது.

உள்ளே என்ன சிப் இருக்க வேண்டும்? ராஸ்பெர்ரி பை 2012-இல் 35 டாலருக்கு வந்தபோது, கையடக்கக் கணினியையே வீட்டுச் சர்வராக்கலாம் என்ற ஆசை பலருக்கும் பிறந்தது. பாட்டுக்கும், கோப்பை அப்படியே அனுப்புகிற வேலைக்கும் அது இன்றும் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புது வடிவத்தில் பதிவான வீடியோவைப் பழைய தொலைக்காட்சிக்குப் படிக்கத் தெரியாது. அப்போது சர்வர், மேடைப் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவரைப் போல, ஓடஓட வடிவத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். 2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை 5-இல் இப்படி வீடியோவை மாற்றி எழுதும் தனி வன்பொருளே கிடையாது. அதே ஆண்டு வந்த இன்டெல் என்100 சிப்பில் அது இருக்கிறது. நான்கு கோர்கள், வெறும் 6 வாட் வடிவமைப்பு. வீட்டு சர்வர் என்ற ஒரே வேலைக்காக இன்று வாங்குகிறவர்களுக்கு, விசிறியில்லாத என்100 பெட்டிதான் முதல் பரிந்துரை. அலுவலகங்கள் கழித்துவிட்ட லெனோவோ டைனி, டெல் மைக்ரோ போன்றவையும் உழைப்பாளிகள்தான். ஆனால் அவற்றில் விசிறி உண்டு. வாங்கும் முன் ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுவது நல்லது.

மின்கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 10 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் கால் யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள் அடங்கும். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் அதே இரண்டு மாதத்தில் 86 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பகுதியை ஒரு பெட்டியே விழுங்கிவிட்டால் விளக்குக்கும் மிக்ஸிக்கும் காசு கட்ட வேண்டியதுதான்.

அடாப்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். என்100 பெட்டிகள் பலவும் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. ரூட்டருக்கென்று கடையில் விற்கும் குட்டி யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்தான். பிளக்கும் ஆம்பியரும் பொருந்தினால், கரண்ட் போய்ப் போய் வரும் மழைநாளிலும் சர்வர் அணையாது. அலுவலகக் குட்டிக் கணினிகள் பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட் கேட்பதால் அவற்றுக்கு இந்த வசதி இல்லை. இடிமழை வரும்போல் இருந்தால் மட்டும் யுபிஎஸ்ஸை நம்பாமல், அது தொடங்கும் முன்பே எல்லா ஒயரையும் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

காசு போடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினி பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. பேட்டரிக்கு உயிர் இருந்தால் அதுவே யுபிஎஸ். அதில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை நிறுவிப் பார்க்கலாம். 2018-இல் எம்பி என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது இது. பயனர் கணக்குகள் வீட்டுப் பெட்டியிலேயே இருப்பதால், இணையம் இல்லாத நாளிலும் உள்ளே நுழையலாம். பெயர் பெற்ற பிளெக்ஸ் தன் இணையக் கணக்கு வழியாக நுழையச் சொல்லும். சிக்னல் போகிற ஊருக்கு ஜெல்லிஃபின்தான் பொருத்தம்.

சத்தமில்லாத பெட்டியை வாங்கிவிட்டு, பக்கத்தில் மேசைக்கணினியின் பெரிய ஹார்டு டிஸ்க்கை வைத்தால் அது மரப்பலகையில் அதிர்ந்து ரீங்கரிக்கும், தனி மின்சாரமும் கேட்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. இரண்டு மணி நேரப் படம் ஒன்று 5 ஜிபி என்றால், 1 டிபியில் ஏறத்தாழ 200 படங்கள் அடங்கும். மெமரியும் எஸ்எஸ்டியும் கழற்றி மாட்டும்படி உள்ள பெட்டியே மலைக்கு ஏற்றது. ஒரு பாகம் பழுதானதற்காகப் பெட்டி முழுவதையும் 70 வளைவு இறக்கிக் கொண்டுபோக வேண்டியிருக்காது.

கிவிக்ஸ் என்ற மென்பொருளையும் சேர்த்துக்கொண்டால், தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கிவைத்து, இணையம் இல்லாமலே பிள்ளைகள் படிக்கலாம். மதுரைத் திட்டம் 1998 முதல் சேர்த்துவரும் தமிழ் மின்னூல்களுக்கும் அந்தப் பெட்டியில் இடம் உண்டு. இவற்றை இழந்தால் மறுபடி இறக்கிக்கொள்ள முடியும். ஆடி மாதம் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் கைபேசியில் எடுத்த ஆட்டம், நடவு வயலில் பாட்டிமார் பாடியது, கல்யாண வீடியோ ஆகியவற்றை எந்த இணையதளமும் திருப்பித் தராது. அவற்றை மட்டும் இன்னொரு வட்டில் படியெடுத்து, மலைக்குக் கீழே ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும்.