பாப்பாள் சமைத்த பள்ளியில் பிள்ளைகள் கற்ற பாடம்

(அவிநாசியில் பெற்றோர், ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகளின் மனவலிமையை வளர்ப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதைப் பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். மூச்சுப் பயிற்சி கொடுங்கள், தோல்வியைத் தாங்கப் பழக்குங்கள், செல்போனைக் குறையுங்கள் என்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட குழந்தைக்கு என்ன பயிற்சி கொடுப்பது? அவிநாசியில் நின்று பேசுகிறவன் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

இதே அவிநாசி வட்டத்தில் உள்ள திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 2018 ஜூலையில் சத்துணவுச் சமையலராக வந்தார் பாப்பாள். அருந்ததியர். அதே ஊர்க்காரர். "அவள் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள்" என்று ஆதிக்க சாதியினர் பள்ளிக்கு வந்து தகராறு செய்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தகராறு செய்தவர்களை விட்டுவிட்டுப் பாப்பாளை இடமாற்றம் செய்தார்கள். சாதி ஒழிப்பு இயக்கங்களும் இடதுசாரித் தோழர்களும் தெருவில் இறங்கிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. 80-க்கும் மேற்பட்டோர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2025 நவம்பரில்தான் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது.

இந்தக் கதையில் நாம் பேசாமல் விட்டவர்கள் அந்தப் பள்ளியின் பிள்ளைகள். 2018-இல் 6-ஆம் வகுப்பில் இருந்த பிள்ளை, தீர்ப்பு வந்தபோது ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது. அந்த ஜூலை மாதத்தில் தட்டோடு நின்ற அருந்ததியர் குழந்தை என்ன புரிந்துகொண்டிருக்கும்? 'என் அம்மா மாதிரி ஒருவர் தொட்ட சோறு தீட்டு. அதைச் சர்க்காரும் ஒத்துக்கொள்கிறது.' இடமாற்ற உத்தரவு அந்தக் குழந்தைக்கு நடத்திய பாடம் இதுதான். பிறகு பாப்பாள் அதே அடுப்படிக்குத் திரும்பி வந்தார். 'இது அநியாயம், இதை எதிர்த்து நிற்க ஆள் இருக்கிறது' என்ற இரண்டாவது பாடத்தையும் பிள்ளைகள் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், மனவலிமையைத் தந்தது அந்த இரண்டாவது பாடம்தான்.

ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்கிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என்று மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நிலைகுலையாமல் நல்ல மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான துணை, நம்பி ஒட்டிக்கொள்ள அக்கறையுள்ள ஒரு பெரியவர். அது பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம்.

இன்னோர் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள், உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்தார்கள். எல்லோர் முன்பும் பெயரையும் சாதியையும் அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் சரிந்தது. அதே பையன்கள், அதே மூளை. இடையில் நடந்தது ஓர் அறிவிப்பு மட்டும்.

நம் ஊரில் அந்த அறிவிப்பு தினமும் நடக்கிறது. எழுபது வயதுத் தாத்தாவை ஏழு வயதுப் பையன் "வாடா, போடா" என்கிறான். தாத்தா அவனைச் "சின்னக் கவுண்டரே" என்கிறார். பக்கத்தில் நிற்கும் பேரன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். 2022-இல் பெருந்துறை பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் தலைமையாசிரியரே கைதானார்.

இப்படி ஒன்று நடந்து குழந்தை வீட்டுக்கு வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "உடு கண்ணு, பெருசு பண்ணாத. நல்லாப் படிச்சு முன்னுக்கு வா, அப்பறம் எல்லாஞ் சரியாப் போயிரும்." அம்மா பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவர். வேலை கொடுப்பவரும் வட்டிக்குக் கொடுப்பவரும் அதே ஆதிக்க சாதியாக இருக்கையில் அவர் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் குழந்தையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. 'குறை என்னிடம்தான், நான் படித்து அதைச் சரிசெய்ய வேண்டும்' என்று விழுகிறது.

நாம் சொல்ல வேண்டியவை மூன்று. "நீ சொல்றத நான் நம்பறேன் கண்ணு." "தப்பு உம்மேல இல்ல, அதுக்குப் பேரு தீண்டாமை, அது குற்றம்." "நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வர்றேன்." தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். இயக்கம் இருப்பது அதற்காகத்தான். குழந்தைகள் உதவிக்கு 1098, வன்கொடுமைப் புகாருக்கு 14566. இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். கூடவே அம்பேத்கரின் பிள்ளைப் பருவத்தைச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பில் தனியாகச் சாக்கில் உட்கார்ந்ததையும், பியூன் ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்ததையும் அவர் மறைக்கவில்லை, எழுதி உலகத்தின் முன் வைத்தார். வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்பதைக் குழந்தை அதிலிருந்து புரிந்துகொள்ளும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023-இல் நாங்குநேரியில் சக மாணவர்களே பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைச் சுட்டும்படி மாணவர்களை அழைக்கக் கூடாது, சாதி காட்டும் கயிறுகள் கூடாது என்று அது பரிந்துரைத்தது. இவற்றில் பலவற்றுக்கு அரசாணை தேவையில்லை. நாளைக் காலை உங்கள் வகுப்பறையில் நீங்களே தொடங்கலாம்.

ஆதிக்க சாதியில் பிறந்த பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பசித்த பிள்ளையின் தட்டைப் பிடுங்கி, 'அவள் சமைத்தது வேண்டாம்' என்று சொல்வது உங்கள் பிள்ளைக்கும் செய்கிற கொடுமை. பக்கத்தில் உட்கார்ந்தவனைச் சமமாகப் பார்க்க முடியாத பிள்ளை, நாளை வெளியூரில் சமமான மனிதர்களோடு வாழத் தெரியாமல் தடுமாறும். பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும். நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள், அது போதும்.

அடியைத் தாங்கப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, அடிக்கிற கையைப் பிடிப்பது பெரியவர்களின் வேலை. நம் கை அங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை தானாக நிமிர்ந்து நிற்கும்.