அரசியின் தரப்பு



ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை நாம் யார் கண்ணால் பார்க்கிறோம்? மகனின் கண்ணால்! தந்தை இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தாய் சிற்றப்பனை மணந்துகொண்டாள். மகனின் கொதிப்பு நம்மையும் தொற்றிக்கொள்கிறது. அவனுக்கு நெடிய தனிமொழிகள் உண்டு. அரசி கெர்ட்ரூடுக்கோ, தனக்குள் சொல்லிக்கொள்ளும் சில வரிகள்தான். கணவன் கொலையானது அவளுக்குத் தெரியுமா? 1603-இல் அச்சான முதல் பதிப்பில், தெரியாது என்று வானத்தின்மீது ஆணையிடுகிறாள். அடுத்து வந்த பதிப்பில் அந்தச் சத்தியமே இல்லை!

அவள் தரப்பைக் கேட்க முன்வந்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக். 2000-ஆம் ஆண்டில் ‘கெர்ட்ரூடும் கிளாடியஸும்’ என்ற நாவலைத் தந்தார். நாடகம் தொடங்குவதற்கு முந்தைய கதை அது. முதல் பகுதியில் அவள் பெயர் கெருதா. டென்மார்க்கின் சாக்ஸோ லத்தீனில் எழுதிய பழங்கதையில் அவளுக்கு உள்ள பெயர் அது. அடுத்த பகுதியில், பிரெஞ்சுக்காரர் பெல்ஃபொரே வைத்த பெயர். மூன்றாம் பகுதியில்தான் நாம் அறிந்த கெர்ட்ரூட் ஆகிறாள். பல நூற்றாண்டுகள் கைமாறி வந்த பெண் இவள் என்பதை, கதையின் கட்டமைப்பே காட்டிவிடுகிறது.

அந்தப் பெண் யார்? போர்வீரன் ஒருவனுக்குத் தந்தை மணமுடித்து வைத்த அரசகுமாரி. அவள் விருப்பம் அங்கே எடுபடவில்லை. கணவன் கடமை தவறாதவன். ஆனால் அவள் மனத்தை ஏறிட்டும் பார்க்காதவன். மகனோ எட்டியே நிற்கிறான். அவள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவன் கணவனின் தம்பி கிளாடியஸ். அங்கேதான் தவறு வேர்விடுகிறது.

நண்பர்களே, அப்டைக் கொலையை நியாயப்படுத்தவில்லை. உறங்கும் அண்ணன் காதில் நஞ்சு ஊற்றியவன் கொலைகாரன்தான். அந்தக் கொலையை அறியாதவளாகவே அரசியைப் படைக்கிறார். தீர்ப்பு எழுதும் முன் வாக்குமூலம் கேள் என்கிறார்; அவ்வளவுதான். அதுதானே அறம்!

எல்லாம் நலமாக முடியும் என்று புதிய மன்னனான கிளாடியஸ் மகிழும் கணத்தில் நாவல் நிறைகிறது. நாடகத்தின் முடிவு நமக்குத் தெரியும். அரசி குடிக்கும் நஞ்சுக் கிண்ணமும் தெரியும். கெட்டவர்கள் அழிந்தார்கள் என்றால் அது வெறும் தண்டனை. நம்மைப் போல வாழ ஆசைப்பட்டவர்கள் அழிந்தார்கள் என்றால்தான் அது துன்பியல்.

இந்த நாவலைப் படியுங்கள். படித்துவிட்டு நாடகத்தை மறுபடியும் எடுங்கள். இம்முறை, அரசி பேசாமல் நிற்கும் இடங்களிலும் அவளைக் கவனியுங்கள்.