பத்திரம், பட்டா, தரை: மூன்றும் டேலி ஆகிறதா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அரசுப் பதிவேடுகளைக் கொண்டு சொத்தையும் ஆட்களையும் தேடுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் குமாஸ்தாவாக லெட்ஜர் எழுதியே ஓய்வு பெற்றவன். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் வக்கீலிடம்தான் போகவேண்டும். என் குடும்பத்தில் நடந்ததையும், அதில் நான் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். நடந்த தவறில் என் பங்கும் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

என் அக்காள் கணவர், நாங்கள் அத்தான் என்போம், 1987இல் தாம்பரத்தைத் தாண்டி ஒரு மனை வாங்கினார். இரண்டு வருடம் தவணை கட்டி, பத்திரம் பதிந்தார். பதிவன்று நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது, "பட்டா ஏதோ மாத்தணும்கிறாங்களே, மாப்பிள்ளை?" என்று கேட்டார். "பத்திரம்தான் பதிஞ்சாச்சே அத்தான், இனிமேல் என்ன?" என்று சொன்னவன் நான்தான். வங்கியில் வேலை பார்ப்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். விஷயம் அதோடு முடிந்தது.

அத்தான் 2011இல் காலமானார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அக்கா வீட்டுத் தரைத்தளம் முழுகியது. பீரோவின் அடித்தட்டில் இருந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. மறுவருடம் பேத்தி படிப்புக்குப் பணம் தேவைப்பட்டபோதுதான் மனையின் நினைவு வந்தது. ஆனால் பத்திரம் இல்லை, நகல் இல்லை, சர்வே எண்ணும் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்தது கிராமத்தின் பெயரும், பதிந்த வருடமும், "ஆவணி மாசம்" என்பதும்தான்.

இவ்வளவு தெரிந்தால் போதும் என்பதுதான் நான் சொல்லவரும் முதல் செய்தி. 1908ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றாம் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்கானது; மற்றொன்று சொத்து விவரத்துக்கானது. கட்டணம் கட்டினால் இவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கப்போகிறவன் ஏமாறக்கூடாது என்பதற்காகவே சட்டம் இதைத் திறந்து வைத்திருக்கிறது.

அந்தக் கிராமம் இப்போது வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் போய்விட்டது. எந்தக் கிராமம் எந்த அலுவலகத்தில் என்பதைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பழைய பதிவுக்கு அப்போதிருந்த அலுவலகத்தைத்தான் தேடிப் போகவேண்டும். பெயர் அட்டவணையில் அத்தான் பெயர் இருந்தது. அதிலிருந்து ஆவண எண் கிடைத்தது. அதைக் கொண்டு சான்றிட்ட நகல் வாங்கினோம். நகலில் அத்தானின் பெயரைப் பார்த்ததும் அக்கா அழுதுவிட்டார்.

அடுத்து வில்லங்கச் சான்று போட்டோம். மனை எண்ணைக் கொடுத்துத் தேடியதில் வந்தது ஒரே பதிவு, அத்தான் வாங்கியது மட்டும். வில்லங்கம் ஒன்றும் இல்லை என்று இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மறுவாரம் மனையைப் பார்க்கப் போனால் சுற்றிலும் கம்பிவேலி, பெரிய இரும்புக் கேட், காவலுக்கு ஒரு ஆள்.

எங்கள் தெருவில் இருந்த பழைய பத்திர எழுத்தர் ஒருவர்தான் விளக்கினார். "மனை எண் போட்டுத் தேடினா அந்த மனை எண்ணைச் சொல்லி எழுதின பத்திரம்தான் வரும் சார். சர்வே எண்ணை முழுசாப் போட்டுப் பாருங்க." அப்படியே செய்தோம். 2009இல் ஒரு கிரயம் வந்தது. நில உரிமையாளரின் வாரிசுகள் அந்த சர்வே எண்ணையே ஏக்கர் கணக்கில் இன்னொருவருக்கு விற்றிருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தில் மனை என்ற பேச்சே இல்லை. வாரிசுகளின் கையில் இருந்த ஆதாரம் பட்டா. 1987இல் மனை வாங்கியவர்களில் ஒருவர்கூடப் பட்டாவை மாற்றவில்லை. வருவாய்த்துறைக் கணக்கில் அந்த நிலம் முழுவதும் இறந்துபோன உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. "இனிமேல் என்ன?" என்று நான் சொன்ன வார்த்தை அப்போது என் காதிலேயே ஒலித்தது.

நாங்கள் வணிகவியல் படித்தபோது 'விடுபிழை' என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நடவடிக்கையை அடியோடு கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டால் டிரயல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும், ஆனால் கணக்கு தப்பு. சொத்துப் பதிவேடும் அதேபோல்தான். ஒரே ஒரு பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். இன்னொன்றோடு வைத்து ஒத்துப்பார்க்கும்போதுதான் ஓட்டை தெரியும்.

இனி ஆட்களைத் தேடிய கதை. அந்த வில்லங்கச் சான்று எங்களுக்கு ஒரு நல்லதும் செய்தது. அதே சர்வே எண்ணில் மனை வாங்கிய மற்ற இருபத்தாறு பேரின் பெயர்களும் அதில் இருந்தன. வக்கீல் சொன்னார்: "தனியாப் போகாதீங்க, கிடைக்கிறவங்களைச் சேர்த்துக்கங்க." பத்திர நகல்களை எடுத்தோம். அவற்றில் தகப்பனார் பெயரும் 1987ஆம் வருட விலாசமும் இருந்தன. அந்த விலாசத்தில் இப்போது யார் இருப்பார்கள்? அங்கேதான் வாக்காளர் பட்டியல் உதவியது. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது எல்லாம் அதில் உண்டு. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி, பாகம் வாரியாகக் கிடைக்கும். அண்மையில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது நாம் எல்லோரும் 2002, 2005 பட்டியல்களில் பெயர் தேடினோமே, அதே மாதிரி வேலைதான். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும், தகப்பனார் பெயரும் வயதும் பொருந்தினால் ஆள் அநேகமாக அவர்தான்.

நான்கு மாதம் அலைந்ததில் பதினொரு பேர் கிடைத்தார்கள். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். கணவர் இறந்து இருபது வருடம். விஷயத்தைச் சொன்னதும், "எங்க வீட்டுக்காரர் நிலம் வாங்கினாரா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றார். நகலில் இருந்த கையெழுத்தைக் காட்டினோம். விரலால் அதைத் தடவிப் பார்த்தார். "அவர் கையெழுத்துதான்" என்றார். வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவர் அவர்.

அக்காவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேராக வழக்குப் போட்டோம். ஒருமுறை விற்றுவிட்ட நிலத்தை மறுபடி விற்க விற்றவருக்கும் உரிமை இல்லை, அவர் வாரிசுக்கும் இல்லை என்பது எங்கள் பக்கம் இருந்த பலம். காலம்தான் பயமுறுத்தியது. வேலி போட்டவர் பன்னிரண்டு வருடம் அடைத்து அனுபவித்துவிட்டால் 'எதிரிடை அனுபவம்' என்று உரிமை கோரலாம். 2009இல் இருந்து எண்ணினால் பாதிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. வெள்ளம் வராமல், பணத்தேவை வராமல் இன்னும் சில வருடம் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

நான்கு வருடத்துக்குப் பிறகு சமரசம் ஆயிற்று. பன்னிரண்டு பேருக்கும் அவரவர் மனை திரும்பி வந்தது. பட்டாவும் வாங்கிவிட்டோம். அந்த அம்மாவும் அதில் ஒருவர். எங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போன பதினைந்து பேரின் மனைகள் இன்னும் அந்த வேலிக்குள்தான் இருக்கின்றன. அவர்களில் யாராவது இங்கேயே நம் பக்கத்துத் தெருவில் குடியிருக்கலாம். வில்லங்கச் சான்றை ஒருநாளும் எடுத்துப் பார்க்காமல் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கதையை இங்கே சொல்ல ஒப்புக்கொண்டேன்.

இனி நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை.

ஒன்று, வில்லங்கம். பதிவுத்துறைத் தளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் இருக்கிறது. வீட்டு எண்ணையோ மனை எண்ணையோ மட்டும் போடாமல் சர்வே எண்ணைப் போட்டும் பாருங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேடுங்கள். பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத ஒப்பந்தம் ஆகியவை இதில் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் இதில் வரும் என்று நம்பி இருக்கவேண்டாம். வழக்கு உண்டா என்பதை இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்காடுவோர் பெயரைப் போட்டுத் தேடலாம்.

இரண்டு, பட்டா. வருவாய்த்துறையின் இணையவழிச் சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் கிடைக்கும். நகரப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேடு. அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைக் கவனியுங்கள். புறம்போக்கு என்று இருந்தால் யார் கையில் பத்திரம் இருந்தும் பயனில்லை. இப்போது பத்திரம் பதியும்போதே பட்டா மாறுதலுக்கும் வழி செய்திருக்கிறார்கள். நம்மைப்போல முப்பது, நாற்பது வருடத்துக்கு முன் வாங்கியவர்கள் நாமே பார்த்தால்தான் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள், பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருப்பதைப் பார்த்து வையுங்கள்.

மூன்று, தரை. காலி மனை இருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள். கல் நட்டிருக்கிறதா, வேலி இருக்கிறதா என்பதை எந்த இணையதளமும் சொல்லாது.

நான்கு, வங்கிக்காரனாக ஒரு வார்த்தை. பத்து வருடம் யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியிடம் உள்ள ஒரு நிதிக்குப் போய்விடும். 2014இல் வந்த ஏற்பாடு அது. போனாலும் அந்தப் பணம் உங்களுடையதுதான், வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். தேடுவதற்கு 'உத்கம்' என்று ஒரு தளத்தை ரிசர்வ் வங்கி 2023இல் திறந்தது. இறந்தவரின் பெயரோடு பான் எண், பிறந்த தேதி இப்படி ஒரு விவரம் கொடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பதிவேடு திறந்திருக்கிறது என்பதற்காக அடுத்த வீட்டுக்காரர் எத்தனை லட்சத்துக்கு வாங்கினார் என்று துருவுவது நம் வேலை அல்ல. நாங்கள் அந்தப் பதினொரு வீட்டுக் கதவைத் தட்டியபோது, முதலில் நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தோம். சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

கடைசியாக ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். என்னென்ன சொத்து, எந்தக் கிராமம், சர்வே எண், ஆவண எண், பதிந்த வருடம், சார்பதிவாளர் அலுவலகம், வங்கிக் கணக்குகள், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு பிரதியை மனைவியிடமோ கணவரிடமோ கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். பீரோவின் அடித்தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அத்தான் அப்படி ஒரு தாள் எழுதி வைத்திருந்தால் அக்கா அவ்வளவு அலைந்திருக்க வேண்டாம். அந்த அம்மாவுக்கும் தனக்கு ஒரு நிலம் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

தேட முடியாமல் தடுமாறுகிறவர்கள் ஞாயிறு காலை சங்க அறைக்கு வாருங்கள். என் மூக்குக்கண்ணாடியும் செயலாளரின் கணினியும் தயாராக இருக்கும்.